ஆண்டாள் பாட்டை ஆண்டாள்தான் எழுதினா

எரிச்சல்லதான் இதை எழுத உட்கார்ந்திருக்கேன். முதல்லயே சொல்லிடுறேன்.

ராஜபாளையத்துல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். பேச்சு எப்படியோ ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்ல ஆரம்பிச்சு ஆண்டாள்கிட்ட வந்துடுச்சு. சித்தப்பா முறை ஆகிற ஒருத்தர் சொல்றாரு:

"ஏத்தா, ஆண்டாள்னு ஒருத்தி கிடையவே கிடையாது. அம்புட்டும் பெரியாழ்வார் எழுதினது. ராஜாஜியே சொல்லிட்டாரு."

சுத்தி இருந்தவங்க தலையாட்டுறாங்க. "அதானே, அந்தக் காலத்துல ஒரு சின்னப் பொண்ணு எப்படி இப்படியெல்லாம் எழுதியிருக்கும்?"

அந்த "எப்படி"தான் மக்களே, எனக்குச் சுருக்குனு தைச்சது.

"சித்தப்பா, நாச்சியார் திருமொழி படிச்சிருக்கீங்களா?"னு கேட்டேன்.

"திருப்பாவை தெரியும்த்தா. அது போதாதா?"

போதாது. ஏன் போதாதுன்னுதான் இந்தப் பதிவு. (நீளமா போகும். காபி போட்டுக்கிட்டு வாங்க.)

முதல்ல ராஜாஜி விஷயம். சித்தப்பா சொன்னது கட்டுக்கதை இல்லை. 1946ல 'திரிவேணி'ங்கிற ஆங்கில இதழ்ல ராஜாஜி இந்தக் கருத்தை எழுதியிருக்காரு. ஆண்டாள்ங்கிறது பெரியாழ்வார் படைச்ச ஒரு பாத்திரம், பாட்டெல்லாம் அவரே பெண் குரல்ல பாடினதுங்கிற மாதிரி. அவர் நாத்திகர் இல்லை. ராமாயணம், மகாபாரதம், கீதைன்னு வாழ்க்கை முழுக்க எழுதினவர். வம்புக்கு எழுதினதா நான் நினைக்கல. அந்தச் சந்தேகம் கேக்கத் தகுதியான சந்தேகம்தான்.

இதைச் சொல்லியே ஆகணும். ஏன்னா நம்ம ஊர்ப் பக்கம் ஆண்டாளைப் பத்திப் பேசவே இப்ப ஆளுங்க தயங்குறாங்க. 2018 ஜனவரியில ராஜபாளையத்துல கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பத்திப் பேசின பேச்சும் அதுக்கப்புறம் நடந்த போராட்டமும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த விவகாரம் வேற, இது வேற. ஆனா கேள்வி கேட்டாலே குத்தம்னு ஆயிட்டா, பதில் தேடுற பழக்கமும் போயிடும். எனக்குக் கேள்வி பிடிக்கும். கேள்வியைக் கேட்டுட்டு, பாட்டைப் புரட்டிக்கூடப் பாக்காம முடிவு சொல்றதுதான் பிடிக்காது.

சரி, பெரியாழ்வார் மேல ஏன் சந்தேகம் போகுது?

அவர் அதுக்குப் பொருத்தமான ஆள். ஸ்ரீவில்லிபுத்தூர்ல நந்தவனம் வச்சு வடபத்ரசாயிக்குப் பூமாலை கட்டின விஷ்ணுசித்தர். மதுரையில பாண்டியன் ஸ்ரீவல்லபன் சபையில பொற்கிழி கட்டித் தொங்கவிட்டு, பரம்பொருள் யாருன்னு நிலைநாட்டச் சொல்றான். செல்வநம்பிங்கிற அரசவைப் பெரியவர் மூலமா இவர் போறாரு, வாதத்துல ஜெயிக்கிறாரு, பொற்கிழி தானா வளைஞ்சு குடுத்துச்சுன்னு குருபரம்பரைக் கதை. பட்டர்பிரான்னு பட்டம், யானை மேல ஊர்வலம். வானத்துல கருடன் மேல பெருமாள் தெரிஞ்சதும், ஐயோ கண்ணு பட்டுடுமேன்னு பெருமாளுக்கே பல்லாண்டு பாடினாருன்னு சொல்லுவாங்க. (கடவுளுக்கே திருஷ்டி கழிச்ச மனுஷன். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.)

ஆக, அரசவை பார்த்தவர், சாஸ்திரம் பேசினவர், பட்டம் வாங்கினவர். இந்தப் பக்கம், துளசிச் செடிக்கடியில கிடைச்சு அவர் மகளா வளர்த்த ஒரு பொண்ணு. யார் எழுதியிருப்பாங்கன்னு கேட்டா ஊர் எந்தப் பக்கம் கையைக் காட்டும்? தெரிஞ்ச கதைதானே.

இங்க கொஞ்சம் இங்கிலாந்து போயிட்டு வருவோம். இதே கதை அங்கயும் ஓடிக்கிட்டிருக்கு.

சர் ஹென்றி நெவில்னு ஒருத்தர். எலிசபெத் ராணி காலத்து அரசவைக்காரர், பார்லிமென்ட் உறுப்பினர். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, இளவயசுல ஐரோப்பா முழுக்கப் பயணம். குடும்பத்துக்கு சஸ்ஸெக்ஸ் பக்கம் இரும்பு வார்ப்பாலை, பீரங்கி வார்த்து வித்தவங்க. 1599ல பிரான்ஸுக்குத் தூதரா அனுப்புறாங்க. 1601ல எசெக்ஸ் பிரபு ராணிக்கு எதிரா கலகம் பண்றாரு. திட்டம் இவருக்கு முன்கூட்டியே தெரியும், அரசாங்கத்துக்குச் சொல்லலன்னு குத்தச்சாட்டு. பெரிய அபராதம், லண்டன் டவர்ல சிறை. அதே கலகத்துக்காக சவுத்தாம்ப்டன் பிரபுவும் உள்ள இருக்காரு. 1603ல ராணி போயி ஜேம்ஸ் மன்னர் வந்ததும் ரெண்டு பேருக்கும் விடுதலை. அப்புறம் அரசாங்கச் செயலாளர் பதவிக்கு ஆசைப்பட்டாரு, கிடைக்கல. 1615ல போயிட்டாரு.

இவ்வளவுதான் நெவில் வாழ்க்கை. நல்ல வாழ்க்கை, கொஞ்சம் சோகம். வரலாற்றுப் புத்தகத்துல ஒரு ஓரத்துல இருந்திருப்பாரு.

2005ல பிரெண்டா ஜேம்ஸ், வில்லியம் ரூபின்ஸ்டீன்னு ரெண்டு பேர் ஒரு புத்தகம் போடுறாங்க. ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதினது இந்த நெவில்தான்னு.

அவங்க காரணங்கள் கேக்க நல்லாத்தான் இருக்கும். ஷேக்ஸ்பியரும் அவரும் ஏறக்குறைய ஒரே காலம். நெவிலுக்குப் பிரெஞ்சு தெரியும், 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்துல பிரெஞ்சு வசனம் வருது. நெவில் சிறைக்குப் போன காலத்தை ஒட்டி நாடகங்கள் இருண்டு போகுது. ஷேக்ஸ்பியர் தன் ரெண்டு நெடுங்கவிதையைக் காணிக்கை பண்ணினது சவுத்தாம்ப்டனுக்கு, அவரோட சிறையில இருந்தவர் நெவில். நார்தம்பர்லண்ட் மாளிகையில 1867ல கிடைச்ச ஒரு பழைய கையெழுத்துக் கட்டோட மேலட்டையில நெவில் பேரும் இருக்கு, ஷேக்ஸ்பியர் பேரைத் திரும்பத் திரும்பக் கிறுக்கியும் இருக்கு.

இதுக்கு முன்னாடி இதே வரிசையில ஃபிரான்சிஸ் பேக்கன் நின்னாரு. ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வியர் நின்னாரு (அவர் 1604லயே போயிட்டாரு, பல நாடகம் அதுக்கப்புறம் வந்தது, அதையும் மீறி அவருக்கு ஒரு கூட்டமே உண்டு). எல்லாருமே பெரிய இடத்து ஆம்பளைங்க, அரசவை ஆளுங்க. ஏன்னா சந்தேகத்தோட வேர் ஒண்ணுதான்: கையுறை தைக்கிறவர் மகன், யுனிவர்சிட்டி வாசப்படி மிதிக்காதவன், எப்படி இப்படியெல்லாம் எழுதியிருப்பான்?

மறுபடியும் அந்த "எப்படி".

பதில் என்ன தெரியுமா? ஷேக்ஸ்பியர் உயிரோட இருக்கும்போதே, 1598ல இருந்து அச்சான நாடகப் பிரதிகள்ல அவர் பேர் இருக்கு. கூட நடிச்ச ஹெமிங்ஸ், கான்டெல் ரெண்டு பேரும் 1623ல நாடகங்களைத் தொகுத்து, எங்க சிநேகிதன் எழுதினதுன்னு போடுறாங்க. போட்டிக் கவிஞர் பென் ஜான்சன் அந்தப் புத்தகத்துல பேர் சொல்லிப் புகழ்றாரு. சந்தேகம் பெரிசா கிளம்பினதே 19ஆம் நூற்றாண்டு நடுவுலதான். அதாவது அவரைத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் வராத சந்தேகம், இருநூறு வருஷத்துக்கு மேல கழிச்சுப் பொறந்தவங்களுக்கு வருது.

இதைப் படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம வழக்கை எங்க ஆரம்பிக்கணும்னு பிடி கிடைச்சுடுச்சு. யாரால முடியும்னு நாம யூகிக்கிறதை ஒதுக்கி வச்சுட்டு, பேர் போட்டிருக்கா, கூட இருந்தவங்க என்ன சொன்னாங்கன்னு பாக்கணும்.

திவ்யப் பிரபந்தத்தை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஆண்டாள் பாசுரம் மொத்தம் 173. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. பெரியாழ்வார் பல்லாண்டையும் சேர்த்து 473.

முதல்ல பூவைப் பிடிச்சுப் பார்த்தேன். நாச்சியார் திருமொழியில காந்தள், முல்லை, காயா, கருவிளைன்னு தோட்டமே விரிஞ்சு கிடக்கும். திருமாலிருஞ்சோலையில மழை பேஞ்சதும் செக்கச்செவேல்னு இந்திரகோபப் பூச்சி பரவிக் கிடக்கிறதைச் சொல்லுவா. (அய்யனார் அருவிப் பக்கம் முதல் மழைக்கு அப்புறம் போனவங்களுக்கு அந்த வெல்வெட் பூச்சியைத் தெரியும். கையில எடுத்தா காலைச் சுருக்கிக்கும்.) ஆகா, இது நந்தவனத்துல வளர்ந்த பொண்ணு கண்ணுன்னு குதிச்சேன். ஆனா நந்தவனம் அப்பாவோடது. அவருக்கும் அதே பூ தெரியும், அதே பூச்சி தெரியும். இது யாரையும் பிரிச்சுக் காட்டாது. தள்ளி வச்சேன்.

அடுத்து குணத்தைப் பிடிச்சேன். அப்பாவோட பாட்டு முழுக்கத் தாயன்பு. கண்ணனைத் தாலாட்டுறாரு, நீராட்டுறாரு, பூச்சூட்டுறாரு, கன்னுக்குட்டி மேய்க்க அனுப்பிட்டோமேன்னு தவிக்கிறாரு. மகளோ சண்டைக்காரி. மன்மதனுக்கு நோன்பு இருக்கா. மேகத்தைத் தூது விடுறா. சங்கைக் கூப்பிட்டு அவன் வாய் எப்படி இருக்கும்னு கேக்கிறா. மனுஷனுக்குக் கட்டிக்குடுக்கிற பேச்சு எடுத்தா உயிரோட இருக்க மாட்டேங்கிறா. கடைசிக்கு முந்தின பதிகத்துல அவளோட கோபம் இருக்கே, படிக்கும்போது உடம்பு நடுங்கும். அந்தப் பாசுரங்களைக் கோலம் போட்டுக்கிட்டே பாட முடியாது. உட்கார்ந்துதான் படிக்கணும்.

இது ரெண்டும் ஒரே ஆள் இல்லைன்னு என் மனசு சொல்லுது. ஆனா மனசு சொல்றது சாட்சி ஆகாது. நல்ல கவிஞன் எந்தக் குரல்லயும் பாடுவான். நம்மாழ்வார் பராங்குச நாயகியா உருகலையா? திருமங்கையாழ்வார் பரகால நாயகியா உருகலையா? ராஜாஜி கட்சிக்கு இருக்கிற பெரிய பலமே இதுதான். ஆம்பளை ஆழ்வார் பொண்ணா பாடுறது வழக்கம், பெரியாழ்வாரும் பாடியிருக்கலாம்.

அங்கதான் மக்களே, விஷயமே இருக்கு!

நம்மாழ்வார் நாயகியா உருகுவார், ஆனா பதிகக் கடைசிப் பாசுரத்துல குருகூர்ச் சடகோபன் சொன்னதுன்னு தன் பேரைப் போட்டுருவார். திருமங்கையாழ்வாரும் அப்படித்தான். பெரியாழ்வார்? யசோதையா பாடினாலும் முடிவுல விஷ்ணுசித்தன்னு வந்து நிப்பார். பல ஆழ்வார்களோட பழக்கமே அது. குரல் யாரோடதா வேணா இருக்கலாம், பேர் மட்டும் பாடினவங்களோடது. படிச்சவனுக்கு இன்ன பலன், பாடினது இன்னார்னு சொல்லி முடிக்கிற இடம் அது. அங்க வேஷம் கிடையாது.

ஆண்டாள் பதிகங்களோட அந்த இடத்துல என்ன பேர் இருக்கு? கோதை. ஆண்டாளோட சொந்தப் பேர். பட்டர்பிரானோட கோதை, விஷ்ணுசித்தனோட கோதை, புதுவை (ஸ்ரீவில்லிபுத்தூர்தான்) ஊர்க் கோதை. திருப்பாவை முப்பதாவது பாசுரத்துலயும் அதே கோதை.

பெரியாழ்வார் ஒரு கற்பனைப் பொண்ணு பேரை அந்த இடத்துல போட்டிருந்தா, ஆழ்வார்கள்லயே அவர் ஒருத்தர்தான், அதுவும் இந்த 173 பாட்டுக்கு மட்டும்தான் அப்படிச் செஞ்சிருக்கணும். தன்னோட 473ல செய்யாததை இதுல ஏன் செய்யணும்? இதுக்கு எனக்கு யாரும் இதுவரைக்கும் பதில் சொல்லல.

இன்னொண்ணு. இதைப் பார்த்ததும் நான் எழுந்து வீட்டுக்குள்ளயே ஒரு சுத்து நடந்துட்டேன். நாச்சியார் திருமொழி பதினோராவது பதிகம். திருவரங்கத்துப் பெருமாள் தன் வளையலைக் கவர்ந்துக்கிட்டாருன்னு அம்மாமார்கிட்ட முறையிடுறா. முடிக்கிற பாசுரத்துல கோதைங்கிற பேர் வரல. அதுக்குப் பதிலா அப்பா வராரு! பெருமாள் சொன்ன சத்திய வார்த்தையை விஷ்ணுசித்தர் கேட்டிருக்காரு, அந்த வார்த்தையே பொய்யாப் போனா இனி யார் என்ன சொல்ல முடியும்னு கேக்கிறா. எங்கப்பாகிட்ட நீ சொன்ன வார்த்தை என்னாச்சுன்னு மடியைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி. அப்பாவை மரியாதைப் பன்மையில சொல்லி, அவரைச் சாட்சிக்கு நிறுத்துறது அவளோட பேச்சு. மத்த இடத்துல விஷ்ணுசித்தன்னு தன் பேரை ஒருமையில போட்டுக்கிறவர், இங்க தன்னைத்தானே ஏன் 'சித்தர்'னு எழுதிக்கணும்?

அப்பா பக்கமும் ஒரு சாட்சி சொல்லுவாங்க. ஒரே மகளைத் திருமகளா வளர்த்தேன், செங்கண்மால் கொண்டு போயிட்டான்னு பெரியாழ்வார் திருமொழியில ஒரு பாசுரம். பெரியவங்க கண்ணீரோட சொல்லுவாங்க. எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனா அது தாய் குரல்ல பாடின பதிகம், அதை நான் ஆதாரமா வைக்கல. வேண்டியதும் இல்லை.

கூட இருந்தவங்க இல்லாட்டியும், பின்னாடி வந்தவங்க? பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகள் காலத்துல இருந்து அப்பா பாட்டு தனி, மகள் பாட்டு தனின்னுதான் அடைவு வச்சிருக்காங்க. ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர்னே பேர். பெரியவாச்சான் பிள்ளை ரெண்டு பேருக்கும் தனித்தனியாத்தான் உரை எழுதினாரு. பெரியாழ்வாருக்குப் பெருமை சேர்க்கணும்னா இந்த 173ஐயும் அவர் கணக்குல எழுதறது அவங்களுக்கு எவ்வளவு சுலபம்? செய்யல.

காலம்? அதுல ஒத்த கருத்து இல்லை. திருப்பாவையில வெள்ளி எழுந்து வியாழன் அஸ்தமிக்கிற குறிப்பை வச்சு மு. இராகவையங்கார் 731ஆம் ஆண்டுன்னு கணிச்சாரு. ஸ்ரீவல்லபன்கிறது 9ஆம் நூற்றாண்டு ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்னு எடுத்துக்கிறவங்க நூறு வருஷம் பின்னாடி வைப்பாங்க. காலம் தெரியலைங்கிறது வேற, ஆளே இல்லைங்கிறது வேற.

(குறுக்க ஒண்ணு: தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிற கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னு நாம நெஞ்சை நிமிர்த்திச் சொல்றோம். 1949 வாக்குல மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைஞ்சது. அவர் வரைஞ்சது மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம்னு சொல்றவங்களும் இருக்காங்க. நம்ம தாத்தா காலத்துச் சங்கதியிலயே இத்தனை கட்சி.)

இப்ப ராஜபாளையத்துக்குத் திரும்பி வருவோம். இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனா இங்க பல வீடுகள்ல பேச்சு தெலுங்கு. விஜயநகர காலத்தை ஒட்டி ஆந்திரப் பக்கமிருந்து வந்த ராஜுக்கள் ஊர் இது. என் சிநேகிதி வீட்டுப் பாட்டி ஆண்டாளை கோதாதேவின்னுதான் சொல்லுவாங்க. அந்தத் தெலுங்குல ஆண்டாள் கதையைக் காவியமா எழுதினவர் கிருஷ்ணதேவராயர். 'ஆமுக்தமால்யதா', ஆறு ஆசுவாசம். கலிங்கப் படையெடுப்பு சமயத்துல கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்துல ஆந்திர விஷ்ணு கனவுல வந்து, தெலுங்குல எழுதுன்னு சொன்னதா அவரே சொல்றாரு. வில்லிபுத்தூரை வர்ணிச்சுத்தான் கதையே ஆரம்பம்.

அந்தப் புத்தகத்துக்கும் இதே சண்டை உண்டு! எழுதினது ராஜா இல்லை, அரசவைக் கவி அல்லசானி பெத்தனாதான்னு ஒரு கட்சி. பெத்தனாவோட 'மனுசரித்திர'த்துல இருக்கிற சில பாட்டு இதுலயும் இருக்குன்னு காரணம் சொல்லுவாங்க. ஆனா பெத்தனா நடை வழவழன்னு ஓடும், ராயர் நடை கரடுமுரடு. மழைக்காலம், சமையல், விருந்தாளி, அரசியல் நெளிவுசுளிவுன்னு நாடு ஆண்டவன் கண்ணுல பட்டதெல்லாம் அதுல இருக்குன்னு தெலுங்கு அறிஞர்கள் சொல்றாங்க. நான் அவங்க கட்சி.

இப்ப மூணையும் பக்கத்துல வைங்க. பொண்ணு எழுத மாட்டா, அதனால அப்பாவுக்குக் குடு. கையுறைக்காரர் மகன் எழுத மாட்டான், அதனால தூதருக்குக் குடு. வாள் பிடிச்சவன் எழுத மாட்டான், அதனால புலவருக்குக் குடு. ஒரு இடத்துல அரசவைக்காரருக்குப் போகுது, இன்னொரு இடத்துல அரசன்கிட்ட இருந்தே புடுங்குது. பாட்டுக்குள்ள என்ன இருக்குங்கிறதை மட்டும் வச்சு இந்த மூணு சந்தேகமும் பொறக்கல. முக்கியமா, யார்கிட்ட எவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்னு நம்ம மனசுல இருக்கிற அளவுகோல்ல இருந்து பொறந்தது.

அந்த அளவுகோல் எனக்குத் தெரிஞ்ச அளவுகோல்தான். நல்லா எழுதின பொண்ணைப் பார்த்து "அப்பா எழுதிக் குடுத்தாரா?"ன்னு கேக்கிற வாத்தியாரை நான் பார்த்திருக்கேன். வீட்டுக்காரர் உதவி பண்ணினாரான்னு கேக்கிற வாசகர் கடிதம் எனக்கே வந்திருக்கு. அதனாலதான் கல்யாண வீட்டு வெத்தலைப் பேச்சை என்னால உதறிட்டு வர முடியல.

ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்குறோம். அவ மாலை கள்ளழகருக்கும் போகுது, திருமலைக்கும் போகுது. அவ கைக்கு தினம் இலையில புதுக் கிளி செய்யுறோம். அவளுக்கு இத்தனையும் குடுக்கிற ஊரு, அவ பாட்டை மட்டும் அப்பா பேர்ல எழுதிவைக்க ஒத்துக்கக் கூடாது. அவ தெய்வம்ங்கிறது நம்பிக்கை. அவ கவிஞர்ங்கிறதுக்கு அவளே பேர் போட்டு வச்சிருக்கா.

சித்தப்பாவுக்கு நாச்சியார் திருமொழி ஒரு பிரதி வாங்கி அனுப்பிட்டேன். உங்க வீட்டுலயும் இப்படி யாராவது சொன்னா, சண்டை போடாதீங்க. பதினோராவது பதிகத்தைப் பிரிச்சு, கடைசிப் பாசுரத்தை அவங்களையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அப்பாதான் எழுதினாருன்னு சொன்னா, என்ன காரணம்னு கேட்டுக் கீழ எழுதுங்க. நான் பேசத் தயார்.